மூன்றாவது சிலிண்டர்

16 மே 1996, வியாழன். மைசூர்.

இன்று என் வேன் கக்கிய வெள்ளைப் புகையில் சாமுண்டி மலையே காணாமல் போனது. மெக்கானிக் நஞ்சுண்டன் எஞ்சினை ஓடவிட்டு, டீசல் குழாய் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினான். மற்ற மூன்றைத் தளர்த்தும்போதெல்லாம் எஞ்சின் தள்ளாடியது. மூன்றாவதைத் தளர்த்தியபோது சத்தம் துளியும் மாறவில்லை. அந்தச் சிலிண்டர் வேலையே செய்யவில்லை.

"டீசலைத் தெளிக்கிற நாசில்தான்டா கோளாறு, மாத்து!" என்று சக்கரவர்த்தி போல ஆணையிட்டேன். அவன் சோதித்துப் பார்க்க, மூன்றின் நாசிலை நான்கிலும், நான்கினுடையதை மூன்றிலும் மாட்டினான். நான்கு ஜோராகப் பாடியது. மூன்று பிணமாகவே கிடந்தது; கோளாறு நாசிலில் இல்லை.

"கம்ப்ரஷனே இல்லண்ணா, உள்ள காத்து அழுத்தமே நிக்கல. ஏனு மாடோது, என்ன பண்றது? எஞ்சின் மேல்மூடி ஹெட்டைப் பிரிக்கணும். ஒரு வாரம் ஆகும்."

ஞாயிறு ஹனூரில் அக்கா மகள் செல்விக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் பஸ் அனுப்புகிறோம் என்றார்கள். "பொண்ணு என் புஷ்பக விமானத்துலதான் வரும்" என்று சபையில் மீசை முறுக்கி மறுத்தவன் நான்தான்.

சாயங்காலம் செல்வி வாசலிலேயே மடக்கினாள்.

"மாமா, வண்டி ரெடியா? எனக்கு முன் சீட்டு, ஆமா!"

"சீட்டு என்னடி, சிம்மாசனமே போட்டிருக்கேன்."

எந்த வாயால் இதைச் சொன்னேனோ. வேனின் முகப்புக்கு மல்லிகைச் சரம் சொல்லிவைத்துவிட்டாளாம்.