காலையில் போட்ட சாயங்கால டிக்

என் அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், உன் நாயும் பிழைத்துக்கொண்டான், நீயும் அந்தக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். தினமும் போனில் பேசுகிற மனுஷன் இப்போது எதற்குக் காகிதத்தை எடுத்தார் என்று யோசிப்பாய். போனில் சொல்ல இரண்டு தடவை பார்த்தேன். முதல் தடவை அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். அடுத்த தடவை யாருமே இல்லை, ஆனாலும் வாய் வரவில்லை, உன் அலுவலகத்தில் புது நாற்காலி வந்ததா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது, நானும் பேச்சை மாற்ற முடியாது. பாதியில் கோபம் வரும், வந்தாலும் முழுக்கப் படித்துவிடு.

முதலில் உன் நாயின் சேதியைச் சொல்லிவிடுகிறேன். தட்டு முன்னால் உட்கார்ந்து பரிமாறுவதற்குக் காத்திருக்கிறான் என்று அம்மா அவனுக்கு வைத்த மாப்பிள்ளை என்ற பேர் இப்போது தெரு முழுக்கப் பரவிவிட்டது, மருந்துக்கடைக்காரரே மாப்பிள்ளைக்கு மாத்திரையா என்றுதான் கேட்கிறார். நேற்றிலிருந்து பின்னங்கால் தடுமாறாமல் நடக்கிறான். ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த அன்று சுவரைப் பார்த்தபடி நின்றான், கட்டில் காலில் இடித்துக்கொண்டான், என்னை யாரோ வழிப்போக்கனைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். வலிப்பு வந்தபின் கொஞ்ச நேரம் கண்ணும் தெரியாது ஆளும் தெரியாது, தானே சரியாகும் என்று நீ சொல்லிக் கொடுத்திருந்தாய், ஆனால் இந்தத் தடவை இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் அம்மா வாழைப்பழம் உரித்ததும் வந்து நின்று வாலை ஆட்டினான், அப்போதுதான் எங்களுக்குப் போன உயிர் வந்தது. டாக்டரம்மா மாத்திரை அளவைக் கொஞ்சம் கூட்டியிருக்கிறார், கல்லீரலுக்காக அடுத்த மாதம் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டுமாம். பசிதான் அடங்கவில்லை, அது மாத்திரை செய்கிற வேலை என்கிறார்.

அன்றைக்கு நடந்ததை உனக்குத் துண்டு துண்டாகத்தான் சொன்னோம். காலை பத்து பத்துக்கு நான் குளியலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தேன், துணி துவைக்கிற மெஷின் பக்கம் தொப்பென்று சத்தம். ஓடிப் போனால் பக்கவாட்டில் விழுந்து நாலு காலாலும் காற்றை மிதிக்கிறான், வாயில் நுரை, தரையெல்லாம் ஈரம். நீ ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போன தாள்படியேதான் செய்தோம். ஸ்டூலைத் தள்ளினோம், தலைக்கடியில் துண்டை மடித்து வைத்தோம், வாய்ப்பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை, திரையை இழுத்து வெளிச்சத்தைக் குறைத்தோம், நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். இரண்டு நிமிஷத்தில் நின்றது. பதினொன்றரைக்கு மறுபடி வந்தது, நாலு நிமிஷம் தாண்டியும் விடவில்லை. பின்பக்கமாகச் செலுத்துகிற அந்த அவசர மருந்தை எடுத்து வா என்றாள் அம்மா. என்னால் மூடியைத் திறக்கவே முடியவில்லை. அவள்தான் வாங்கி, வாலைத் தூக்கிப் பிடித்து, ஒரு சொட்டு சிந்தாமல் செலுத்தினாள். அவள் கை நடுங்கவே இல்லை. இதை நீ நினைவில் வைத்துக்கொள், பின்னால் தேவைப்படும். ஒரே நாளில் இரண்டாவது தடவை என்றால் யோசிக்காமல் கிளம்ப வேண்டும் என்று எழுதியிருந்தாயே, வாடகை வண்டி பிடித்துக் கிளம்பினோம். மூன்றாவது வலிப்பு ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்தது.

டாக்டரம்மா ஊசி போட்டு அவனைத் தூங்க வைத்துவிட்டு மாத்திரை ஏதாவது விட்டுப்போனதா என்று கேட்டார். ஒருநாளும் இல்லை என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னோம். அம்மா பையிலிருந்த மாத்திரை அட்டையை அவர் வாங்கி, வாங்கிய தேதியைப் பார்த்து எண்ணினார். எட்டு மாத்திரை அதிகமாக இருந்தது. இந்த மாத்திரையைத் திடீரென்று விட்டால் அதனாலேயே வலிப்பு வரும், எட்டு வேளை என்றால் சும்மாவா என்றார். அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. அதற்கப்புறம் நடந்ததைத்தான் நாங்கள் உனக்குச் சொல்லவில்லை. நாங்கள் என்ன, நான்தான் சொல்லவில்லை.

நீ போகும்போது ஒரு நோட்டுப் போட்டுக் கொடுத்தாய். காலை மாத்திரை, சாயங்கால மாத்திரை, வலிப்பு எத்தனை என்று மூன்று கட்டம், யார் கொடுத்தாலும் உடனே டிக் போட வேண்டும் என்றாய். என் வேலையை நினைத்துப் பார். நீரேற்று நிலையத்தில் முப்பத்தொரு வருஷம், மணிக்கு ஒரு தடவை ஆறு மீட்டர்களிலும் முள் எங்கே நிற்கிறதென்று பதிவேட்டில் எழுத வேண்டும். முள் என்றைக்கும் நிற்கிற இடத்திலேதான் நிற்கும். அதனால் நாங்கள் எல்லோருமே வேலைக்கு வந்த உடனே எட்டு மணி நேரத்துக்கும் சேர்த்து ஒரே மூச்சில் எழுதிவிட்டு ஹாயாகக் காலை நீட்டுவோம். இதை நான் கதையாகச் சொல்லி நீ சின்னப் பிள்ளையில் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாய். அந்தப் புத்தி என்னை விட்டுப் போகவில்லை மகளே. பெரியம்மாவின் முழங்கால் ஆபரேஷனுக்குத் துணையாக அம்மா போயிருந்த ஒரு மாதமும் நான்தான் தனியாக மாத்திரை கொடுத்தேன். காலை ஏழு மணிக்கு ஒன்று கொடுத்ததும் காலைக்கும் டிக், சாயங்காலத்துக்கும் டிக், வலிப்புக் கட்டத்தில் ஒரு சைபர், அன்றைய எழுத்து வேலை முடிந்தது. சாயங்கால மாத்திரையை ஏழு மணிக்குத் தவறாமல் கொடுத்தேன், அதில் பொய் இல்லை. வாரா வாரம் அந்தத் தாளைப் படமெடுத்து உனக்கு அனுப்பினேன், நீயும் அப்பா கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று பாராட்டினாய்.

பெரியம்மா வீட்டிலிருந்து அம்மா திரும்பி வந்ததும் நான் மறுபடி கேரம் ஆடப் போக ஆரம்பித்தேன், வாரத்துக்கு நாலு சாயங்காலம். நீங்க இல்லாத அன்னைக்கு நான் நோட்டைப் பார்த்துக் கொடுத்துடறேன் என்றாள். சரி என்றேன். டிக்கை நான் காலையிலேயே போட்டுவிடுகிறேன் என்று அப்போது சொல்லியிருக்கலாம், சொன்னால் கேலி செய்வாள் என்று விட்டுவிட்டேன். அவள் ஏழு மணிக்கு நோட்டைத் திறப்பாள், டிக் இருக்கும், நான் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறேன் என்று மூடி வைப்பாள். நான் எட்டு மணிக்கு வருவேன், அவள் கொடுத்திருப்பாள் என்று சாப்பிட உட்காருவேன். வாரத்துக்கு நாலு, இரண்டு வாரம். டாக்டரம்மா எண்ணியது சரிதான்.

எனக்கு இது ஆஸ்பத்திரியில் புரிந்தது என்று நினைக்காதே. வண்டியிலேயே புரிந்துவிட்டது. மாப்பிள்ளை அம்மா மடியில் கண் சொருகிக் கிடக்கிறான், நான் முன் சீட்டில் நோட்டைப் பிரிக்கிறேன், மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை, அன்றைய சாயங்கால மாத்திரைக்கு டிக் போட்டிருக்கிறது, வலிப்புக்குச் சைபர் போட்டிருக்கிறது. என் கையெழுத்து, முத்து முத்தாக. நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தச் சைபர் மேல் அழுத்தி அழுத்தி எழுதி இரண்டாக்கினேன். சாயங்கால டிக்கை எச்சில் தொட்டு விரலால் தேய்த்தேன். பின்னால் உயிர் ஊசலாடுகிறது, முன்னால் உட்கார்ந்து நான் நோட்டைத் திருத்துகிறேன். டாக்டரம்மா அந்தக் கறையைப் பார்த்து இது என்ன என்றபோது, நாயின் நுரை பட்டுவிட்டது என்றேன். வாயில்லாத ஜீவன் மேலேயே பழியைப் போட்டேன்.

அத்தோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. நோட்டில் டிக் இருந்தது டாக்டர், இவர் கொடுத்துட்டுப் போயிட்டார்னு நினைச்சேன் என்றாள் அம்மா. டாக்டரம்மா என்னைப் பார்த்தார். “நான் சாயங்காலத்துல வீட்டுலயே இருக்கறதில்லையே” என்றேன். யோசித்துப் பார், அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் அதைக் கேட்டு அம்மா மாத்திரை அட்டையை வாங்கித் திரும்ப எண்ணிப் பார்த்தாள். அப்புறம் தானாகவே, அப்ப நானே டிக்கைப் போட்டுட்டு மாத்திரையைக் கொடுக்க மறந்திருக்கேன் என்றாள். எட்டு தடவையா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அன்று சாயங்காலம் நீ போனில் கூப்பிட்டு, ஒரு மாத்திரைகூடக் கொடுக்க முடியலையாம்மா என்று அவளைத் திட்டினாயே, அப்போதும் பக்கத்தில்தான் இருந்தேன். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்றோடு பன்னிரண்டு நாள். இந்தப் பன்னிரண்டு நாளில் அவள் எப்படி ஆகிவிட்டாள் என்று உனக்குத் தெரியாது, போனில் சிரித்துப் பேசிவிடுகிறாள். அடுப்பை அணைத்துவிட்டு மூன்று தடவை போய்ப் பார்க்கிறாள். சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறாள். பக்கத்து வீட்டு நர்ஸ் தன் குழந்தையை ஐந்து நிமிஷம் வைத்திருக்கச் சொன்னதற்கு, வேண்டாம்மா, கையில இருக்குறதை மறந்து கீழே விட்டுடுவேன் என்று சொல்லியிருக்கிறாள். மாத்திரையை இனி நீங்களே கொடுங்கள் என்று அட்டையை என் கையில் கொடுத்துவிட்டாள். மாப்பிள்ளையோ ஏழு மணி ஆனதும் அவளிடம்தான் போய் நிற்கிறான். அவள் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள். நீ சொன்னாய் என்று ஞாபகசக்தி டாக்டரிடம் வருகிற புதன்கிழமைக்கு நேரம் வாங்கி வைத்திருக்கிறோம். நேற்று அவள் கண்ணை மூடிக்கொண்டு உன் பிறந்த தேதி, என் ரத்த வகை, தெருக் கடைகளின் வரிசை எல்லாவற்றையும் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். பரீட்சைக்குப் படிக்கிறாள் மகளே அவள். அதைக் கேட்டுக்கொண்டு கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன் பார், அப்போது எனக்கு என்மேல் வந்த அருவருப்பை எழுதத் தெரியவில்லை. அவளிடம் சொல்வதற்கு முன்னால் உனக்கு எழுதுவதே ஒரு கோழைத்தனம்தான். எழுதி முடித்துத் தபாலில் போட்டுவிட்டு அவளிடம் சொல்லலாம் என்றிருந்தேன். இல்லை, அதுவும் பழைய புத்திதான். பேனாவை மூடி வைத்துவிட்டுப் போகிறேன், சொல்லிவிட்டு வந்து மீதியை எழுதுகிறேன்.

சொல்லிவிட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். டிக், சைபர், எச்சில், டாக்டரம்மாவிடம் சொன்ன வார்த்தை, ஒன்றையும் பூசி மெழுகாமல் சொன்னேன். திட்டுவாள், கையிலிருப்பதை விட்டெறிவாள் என்று தயாராகத்தான் நின்றேன். அவள் என்னைப் பார்த்து, “அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா?” என்று கேட்டாள். ஒண்ணும் இல்லை என்றேன். “நிஜமாவே ஒண்ணும் இல்லையா?” என்று மறுபடி கேட்டாள். அப்புறம் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள், சந்தோஷத்தில் அழுதாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் கோபம் வந்தது. “பன்னெண்டு நாளா பார்த்துக்கிட்டேதான இருந்தீங்க?” என்றாள். ஏழு மணிக்கு என் சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை அவளே எடுத்தாள், வாழைப்பழத்துண்டில் வைத்துக் கொடுத்தாள், அவன் விழுங்கும்வரை தாடையைத் தடவிக்கொண்டிருந்தாள், பேனாவை வாங்கி டிக் போட்டாள். கழுத்திலிருந்த சாவியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

புதன்கிழமை நேரத்தை நாளைக் காலையில் நானே போய் ரத்து செய்கிறேன். அப்படியே டாக்டரம்மாவைப் பார்த்து நோட்டைக் காட்டி உண்மையைச் சொல்ல வேண்டும், தப்பான கணக்கை வைத்துக்கொண்டு அவர் எப்படி மருந்தின் அளவை முடிவு செய்வார். இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் நீ முதலில் அம்மாவைக் கூப்பிடு, அவளிடம் மன்னிப்புக் கேள், என்னைப் பற்றி நல்லதாக ஒன்றும் எடுத்துச் சொல்லாதே, அப்பா பாவம் என்றும் சொல்லாதே. என்னோடு எப்போது பேசத் தோன்றுகிறதோ அப்போது பேசு, நான் காத்திருக்கிறேன். வாராந்திரத் தாளை இனி அம்மா படமெடுத்து அனுப்புவாள், கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும், ஆனால் நீ நம்பலாம். காதை மூடிக்கொண்டு வெளியே போ, காலையில் சாப்பிடாமல் ஓடாதே. நீ தொட்டதெல்லாம் நல்லபடியாக நடக்க வேண்டும், நோய் நொடியில்லாமல் நீ நீடூழி இருக்க வேண்டும், என் புத்தி மட்டும் உனக்கு வரக் கூடாது.

கடிதத்தின் தலைப்பில் தேதி இல்லையே என்று பார்த்திருப்பாய். உட்கார்ந்ததும் போட வந்த கையை நிறுத்திக்கொண்டேன், எல்லாம் முடிந்த பிறகு போடலாம் என்று. இப்போது போடுகிறேன். ஞாயிறு, மாலை ஏழு நாற்பது. மாத்திரை கொடுத்தாயிற்று, அம்மா கொடுத்தாள்.

தலைகுனிந்து நிற்கும்,
உன் அப்பா