நுகேகொடைக்குப் படிக்கப் போன பிள்ளைக்கு

ஓம் பிள்ளை, நான் கோவிக்கேல்லை, எண்டாலும் கேக்கிறன்: நுகேகொடையில உன்ர வத்சலா மாமி வீட்டில இருந்தாத்தான் பாடம் மண்டையில ஏறுமோ?

கம்பஸ் சோதனை முடியுமட்டும் போனை நிப்பாட்டி வைக்கோணுமெண்டு மாமி சொன்னவாவாம். அதுதான் பெரியப்பாவிட்டக் கடிதம் குடுத்து விடுறன். முக்கால் மணித்தியாலம் படிச்சா பத்து நிமிசம் நடக்கோணுமாம். புத்தகத்தை மூடிப்போட்டு, படிச்சதை எழுதிப் பாக்கோணுமாம். பழைய பேப்பர்களை மணிக்கூட்டை வைச்சுச் செய்யோணுமாம். உன்ர அம்மா சொல்லச் சொல்ல எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. மூண்டு வருசமா வெள்ளவத்தையில என்ர சோத்தைத் திண்டு படிச்சனி. இப்ப பாஸ் பண்ணினா பேர் அவவுக்கோ?

நான் கொஞ்சம் கூடக் கதைக்கிறனான்தான். விடியக்காலமை சாமிப்பாட்டைச் சத்தமாப் போட்டதும் உண்மைதான். ஆனா மணிக்கொருக்கா கதவைத் தட்டித் தேத்தண்ணி தந்தது ஆர்? அவ தண்ணி கொதிக்க வைக்கிற கேத்தில் இருக்கிற இடத்தைக் காட்டிப்போட்டுப் படுத்திடுவாவாம். அதையும் நீ பெருமையாத்தான் சொன்னியாம்.

சரி, நாளைக்கு முதல் பேப்பர். முருகன் துணை இருப்பான். பார்சலில புட்டும் முட்டைப் பொரியலும் இருக்கு. அவவுக்குக் குடுக்காத.

இப்படிக்கு,
உன்ர பெரியம்மா

ஐயோ பிள்ளை, இப்பதான் ஞாபகம் வருது! போன வெள்ளிக்கிழமை, நீ அங்க வெளிக்கிட முதல், உன்ர பாடக் கொப்பிக்குள்ள இருந்த சோதனை அட்மிஷன் கார்டை, உன்னைக் கேக்காமல் எடுத்து, திருநீறு பூசிப் பிள்ளையாரின்ர காலடியில வைச்சனான். அது இன்னும் இங்க சாமியறையிலதான் கிடக்குது. இந்தக் கடிதத்தோடயே வைச்சு விடுறன், மாமிக்கு மட்டும் சொல்லிப்போடாத.