இருபத்தொன்பது வினாடி

மார்ச் 3, செவ்வாய்

இடுப்பு கழன்று விழுகிற மாதிரி இருக்கிறது. கிடங்கில் இன்று நானூறு பெட்டி இறக்கினேன். சரி, இருநூறு. அதிலும் பாதி இன்னொருத்தர் இறக்கினார். வாய்க்குத்தான் பூட்டு இல்லை என்று நினைத்தால் பேனாவுக்கும் இல்லை.

மருந்துக் கிடங்கில் பெட்டி தூக்குகிறவன்தான் நான். ஆனால் இருபத்திரண்டு வருடமாக அட்டைப்பெட்டி படித்துப் படித்தே அரை டாக்டர் ஆகிவிட்டேன். எட்டாவதில் என்னை நிறுத்திய வாத்தியார் இப்போது வந்தால் அவருக்கே மாத்திரை எழுதிக் கொடுப்பேன்.

அக்கா மகளுக்கு இருபத்துநாலு வயது. வீட்டில் இன்னும் பாப்பாதான். இன்று பத்தாயிரம் மீட்டரை முப்பத்தைந்து நிமிடம் இருபது வினாடியில் ஓடினாள். பதினாலாம் தேதி தேர்வு ஓட்டம். முப்பத்தைந்துக்குள் வந்தால் நாட்டு அணியின் முகாம். வராவிட்டால் வீடு. இருபது வினாடி! ஒரு பெட்டியை வண்டியிலிருந்து வாசலுக்குக் கொண்டுபோகிற நேரம்.

கிடங்கில் எல்லோரிடமும் அவள் அணியில் சேர்ந்தாயிற்று என்று ஜனவரியிலேயே சொல்லி வைத்திருக்கிறேன். இதை யாரிடம் சொல்லி அழ?

மார்ச் 6, வெள்ளி

சரக்கோடு மாதிரிக்கு என்று பத்துப் பாக்கெட் வந்தது. பீட்ரூட் சாற்றைச் சுண்டக் காய்ச்சியது. பார்க்கக் கருஞ்சிவப்பு. பயிற்சியாளரிடம் காட்டினேன். "ஊக்கமருந்துத் தடைப் பட்டியல்ல இல்லங்க. பாப்பா கூட ஓடற அந்த நெட்டைப் பொண்ணு தினமும் குடிக்கிறா. ரத்தக் குழாய் விரியும், மூச்சு கொஞ்சம் மிச்சமாகும். சில பேருக்கு வேலை செய்யும், சில பேருக்கு ஒண்ணும் செய்யாது" என்றார்.

பாப்பாவிடம் நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேணாம் மாமா."

"பீட்ரூட்டுதான்டி. பாம்பு விஷமா குடுக்கிறேன்?"

"காய்னா தட்டுல வரட்டும், சாப்பிடறேன். இது பாக்கெட்ல வர்ற வேகம். என் காலு எவ்வளவு ஓடும்னு எனக்குத் தெரியணும். அதுக்குத்தான் ஓடறேன்."

"அப்போ ஷூ எதுக்கு? வெறுங்காலோட ஓடேன்."

சிரித்தாள். "நல்ல கேள்விதான். பதில் தெரியல. ஆனா வேணாம்."

மார்ச் 8, ஞாயிறு

ஓட்டத்துக்கு முன் அவள் குடிக்கிற கறுப்புத் திராட்சைச் சாற்றை நான்தான் கலக்குகிறேன். ஐந்து வருடமாக வேறு யாரையும் தொட விட்டதில்லை.

அது கறுப்பு. இது கருஞ்சிவப்பு.

மார்ச் 9, திங்கள்

கலந்தேன்.

"என்ன மாமா, மண்ணு வாடை அடிக்குது?" என்றாள். மலையில் விளைந்த திராட்சை, மழைக்கு அடுத்த நாள் பறித்தது, பறித்தவரே எனக்குத் தெரிந்தவர் என்று ஒரு கதை விட்டேன். நம்பிக் குடித்துவிட்டுப் போனாள். விதியில் அனுமதித்ததுதானே? நான் என்ன திருடிவிட்டேனா?

மார்ச் 14, சனி

முப்பத்துநாலு ஐம்பத்தொன்று!!

ஆயிரம் பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். நூறு பேர் இருக்கும். கடைசிச் சுற்றில் நெட்டையைத் தாண்டி இரண்டாவதாக வந்தாள். நான் கத்திய கத்தலில் தொண்டை போய்விட்டது. இருபத்தொன்பது வினாடி குறைத்துவிட்டாள் என் பாப்பா.

முதல் இரண்டு பேரும் சோதனைக்குச் சிறுநீர் கொடுக்க வேண்டும். உள்ளே போனவள் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து வந்தாள்.

"மாமா, சிவப்பா வருது. கூட நின்ன சோதனைக்கார அம்மா கப்பைப் பார்த்தாங்க, அப்புறம் என்னைப் பார்த்தாங்க."

எனக்கு இப்போது தெரியும், பீட்ரூட் சிலருக்கு அப்படி இறங்கும் என்று. பாக்கெட்டின் பின்னாலேயே பொடி எழுத்தில் போட்டிருக்கிறான். அரை டாக்டர் அதை இன்று சாயங்காலம்தான் படித்தார்.

அந்த நேரத்தில் என் வாய் என்ன சொன்னது? "அட, இது நம்ம வம்சத்துக்கே உள்ளதுடி! உங்க தாத்தா ஒரு நாள் இருபது மைல் நடந்துட்டு வந்து ரத்தமாப் போனாரு. தொண்ணூறு வயசு வரைக்கும் இருந்தாரு!"

எங்கள் அப்பா சைக்கிளில் ஏறாமல் தெருமுனைக்குக்கூடப் போகாதவர். அறுபதில் போய்ச் சேர்ந்தார்.

மார்ச் 16, திங்கள்

பாப்பாவை டாக்டர் பார்த்தாராம். "பீட்ரூட் சாப்பிட்டியாம்மா?" என்றுதான் முதலில் கேட்டாராம். இல்லை என்றாளாம். யாராவது எதிலாவது கலந்திருப்பார்களோ என்றாராம்.

"எங்க மாமா ஒருத்தர் கையாலதான் குடிக்கிறேன். அவரு செய்ய மாட்டாருன்னு சொல்லிட்டேன்" என்று என்னிடமே வந்து சொல்கிறாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வம்சத்தில் உண்டா என்றும் கேட்டிருக்கிறார். தாத்தாவுக்கு உண்டு என்றிருக்கிறாள். வந்தது வினை. சிறுநீரகப் பரிசோதனை, ஸ்கேன், முடிவு வரும்வரை ஓடக்கூடாது, முகாமுக்கு உடல்தகுதிச் சான்றிதழும் கிடையாது. முகாம் இருபத்தைந்தாம் தேதி.

மார்ச் 17, செவ்வாய்

சொல்ல வேண்டும். சொல்லவில்லை. களைப்பாக இருந்தது என்று எழுதி வைக்கிறேன்.

மார்ச் 19, வியாழன்

அக்கா இன்று சமையலறையிலிருந்தே கத்தினாள். "எந்தத் தாத்தாடா ரத்தமாப் போனாரு? எங்கப்பாவா? அந்த மனுஷன் நடந்தாத்தானேடா! பொண்ணு ரெண்டு நாளா அழுதுட்டு இருக்கா, அதுலயும் உனக்குக் கதையா?"

சொல்லிவிட்டேன். பாக்கெட், திராட்சை, மண் வாடை, எல்லாம்.

பாப்பா என்ன சொன்னாள் தெரியுமா? "என்னைச் சமாதானப்படுத்த இப்போ இது ஒரு கதையா மாமா? விடுங்க."

நம்பவில்லை! நாற்பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக ஒன்றையும் கூட்டாமல் பேசினேன், யாருமே நம்பவில்லை. மாடியறைக்குப் போய், மெத்தைக்கடியில் ஒளித்து வைத்திருந்த காலிப் பாக்கெட் ஆறையும் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். ஒன்றைக் கிழித்து உள்பக்கம் முகர்ந்தாள்.

"ஆறு நாள். ஆறு நாளும் என் முகத்தைப் பார்த்துத்தானே குடுத்தீங்க?"

அடித்திருக்கலாம். திட்டியிருக்கலாம். எழுந்து போய்ப் பல் தேய்த்தாள்.

மார்ச் 20, வெள்ளி

டாக்டரிடம் உண்மையைச் சொல்லி, ரத்தம் இல்லை என்று சான்றிதழ் வாங்கியாயிற்று. அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன்.

அங்கிருந்து நேரே பயிற்சியாளரிடம் போனாள். நானும் பின்னாலேயே போனேன், பத்தடி தள்ளி.

"அந்த நேரத்தை எடுத்துடுங்க சார்."

"எதுக்கும்மா? விதியில எங்க தப்பு?"

"எனக்குத் தெரியாம என் உள்ள போயிருக்கு."

"தெரியாமப் போனாலும் அனுமதிச்ச பொருள்தானே? அதுக்கெல்லாம் எடுக்க முடியாது. எந்தப் படிவத்துல எழுதறது?"

நெட்டை அங்கே கால் நீட்டிக்கொண்டிருந்தாள். அவளும் தேர்வாகிவிட்டவள். "ஏன்டி, நாங்க எல்லாரும் குடிச்சிட்டுத்தான் ஓடறோம். நீ ஆறு நாள் குடிச்சதுக்கு ஊரைக் கூட்டுறே? அப்போ நாங்கெல்லாம் என்ன, திருடிங்களா?"

"உன்னைச் சொல்லலடி. நீ தெரிஞ்சு குடிக்கிறே" என்றாள் பாப்பா.

இரண்டு பேரும் சொன்னது எனக்குச் சரியாகத்தான் பட்டது. படிக்காதவனுக்கு இதுதான் தொல்லை, கடைசியாகப் பேசினவர் பக்கம் சாய்ந்துவிடுவேன்.

மார்ச் 22, ஞாயிறு

வெறும் தண்ணீர் குடித்துவிட்டுத் தனியாகப் பத்தாயிரம் ஓடினாள். பயிற்சியாளர் கடிகாரம் பிடித்தார். முப்பத்தைந்து நிமிடம் ஒன்பது வினாடி.

"இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. காத்து எதிர்ல. கூட ஓட ஆள் இல்ல. எட்டு நாளா சும்மா இருந்திருக்கே. அன்னிக்கு அது வேலை செஞ்சிருக்கலாம், செய்யாமலும் இருந்திருக்கலாம்" என்றார்.

அவர் போன பிறகும் ஓடுதளத்தின் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளில் முதல் தடவையாக என்னிடம் பேசினாள். கோபமாகக்கூட இல்லை.

"அன்னிக்குக் கடைசிச் சுத்துல, நான் எவ்வளவு ஓடுவேன்னு எனக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு நினைச்சேன் மாமா. எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? இனிமே அது தெரியவே தெரியாது."

இருபத்தொன்பதில் என்னுடையது எத்தனை, அவளுடையது எத்தனை? யாரைப் போய்க் கேட்பது?

மார்ச் 25, புதன்

முகாமுக்குப் போய்விட்டாள். ஆட்டோ வரை பையைத் தூக்கிக்கொண்டு போனேன். "போயிட்டு வரேன் மாமா" என்றாள். அவ்வளவுதான்.

ஏப்ரல் 2

இடுப்பு வலி. விடுப்பு.

ஏப்ரல் 11, சனி

பாப்பாவிடமிருந்து போனில் ஒரு பட்டியல் வந்திருக்கிறது. பீட்ரூட் சாறு முப்பது பாக்கெட். காபி மாத்திரை இரண்டு டப்பா. கால் சோர்வு தள்ளிப்போக நெட்டை சாப்பிடுகிற சோடா உப்பு. "எல்லாம் அனுமதிச்சதுதான், பார்த்துட்டேன். கிடங்குல இருந்தா அனுப்புங்க" என்று போட்டிருந்தாள்.

இரண்டு தடவை படித்தேன். இதைத்தானே நான் விரும்பினேன்? குதிக்க வேண்டியவன் உட்கார்ந்துவிட்டேன். கூப்பிட்டேன்.

"வேணாம்னு சொன்னியேம்மா?"

"வேணாம்னு சொல்றதுக்கு எனக்கு ஒரு காரணம் இருந்துச்சு மாமா. இப்போ இல்ல." யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "சாப்பிட்டீங்களா? வெச்சிடறேன்."

பெட்டி கட்டினேன். ஆயிரக்கணக்கில் கட்டியிருக்கிறேன். உண்மையாகவே ஆயிரக்கணக்கில். இந்த ஒரு பெட்டிக்கு அரை நாள் ஆனது.

மே 4, திங்கள்

நேற்று பாப்பா ஓடினாள். காலையில் பயிற்சியாளர் கூப்பிட்டுச் சொன்னார்: முப்பத்துநாலு முப்பத்தெட்டு. முதலிடம். அக்கா தெருவுக்கே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மதியச் சாப்பாட்டின்போது கிடங்கில் எல்லோரும் என்னைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். நான் சொல்லப்போகிற கதைக்காகக் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. "என்னய்யா, உன் அக்கா பொண்ணு ஜெயிச்சுட்டாளாமே! எவ்வளவு நேரத்துல ஓடினா?" என்று லாரி ஓட்டுகிறவர் கேட்டார்.

தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.