பாட்டுக்குள் ஓடும் மெஷின்

அண்ணே,

என்னோடு வேலை செய்யும் சுஹானாவைக் காட்டிக் கொடுத்தது நீதான்.

இணையத்தில் ஊர் ஊராக ஆட்கள் அனுப்பிய ஒலிகளைக் கோத்து ஒரு மின்னிசைப் பாட்டு செய்தாய். பாதிப்பேர் புனைபெயரில் அனுப்பினார்கள், நீயும் சரியென்றாய். சுஹானாவுக்கு மட்டும் முழுப் பெயர், எங்கள் சிம்பாங் அம்பாட் தொழிற்சாலையின் பெயர் வரை போட்டாய். "தொழிலாளியின் அசல் சத்தம்" என்று பெருமை வேறு.

உள்ளே கைப்பேசிக்குத் தடை என்று உனக்குத் தெரியும். நீ கெஞ்சியதால்தான் அவள் காலுறைக்குள் ஒளித்துக் கொண்டுபோய் மெஷின் சத்தத்தைப் பதிவு செய்தாள்.

இன்று சூப்பர்வைசர் எங்கள் லைனுக்கே வந்து பாட்டை ஓடவிட்டார். "இது நம்ம மெஷின்தானே, சுஹானா? நீ வேலைக்கு வந்தியா, டிஜே ஆவ வந்தியா?" சிலர் சிரித்தார்கள். அவள் கையுறையைக்கூடக் கழற்றாமல் நின்றாள். நாளைக் காலைக்குள் பாட்டு இணையத்திலிருந்து போய்விட்டால் எச்சரிக்கையோடு விடுவார்களாம். இருந்தால் வேலை இல்லை. அவள் வீட்டில் சம்பளக்காரி அவள் ஒருத்திதான்.

போனில் சொன்னேன். "பேரை எடுத்துட்டேன்லா, இன்னும் என்ன?" என்றாய். மெஷின் இன்னும் ஓடுகிறதே என்றேன். "அந்த பீட்டை உருவினா பாட்டே இல்ல. அத்தனை பேரு உழைப்பும் போயிரும்," என்றாய். அந்த அத்தனை பேரில் அவள் சேர்த்தி இல்லையா?

பிறகு நீ போனை எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் நீலக்குறி மட்டும் விழுகிறது. அதனால் வேலை முடிந்ததும் பாலம் தாண்டி வந்து, உன் அறைப் படிக்கட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உள்ளே நீ இருக்கிறாய். அந்த மெஷின் தாளம் வெளியே கேட்கிறது.

கதவடியில் இதைத் தள்ளிவிட்டு இங்கேயே நிற்பேன். கதவைத் திற, அண்ணே. என் கண்முன்னால் அந்தப் பாட்டை இணையத்திலிருந்து எடு.

உன் தங்கச்சி