மூன்றாவது குச்சி ஐஸ்

ஞாயிற்றுக்கிழமை, இரவு

நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். இன்று நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். கீமோ முடிந்து எனக்கு எடுத்த ஸ்கேனின் ரிசல்ட் நாளைதான் வரும். வீட்டிலிருந்தால் அதே நினைப்பாக இருக்கும் என்று அம்மா முத்துநகர் கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். தொப்பியைக் கழற்றிவிட்டு அலையில் நின்றேன். துறைமுகத்துக்கு வெளியே காத்து நின்ற கப்பல்களை எண்ணினேன். ரோட்டு ஐஸைத் தொடவே விடாத அம்மா இரண்டு வாங்கித் தந்தாள். அவளைச் சோதித்துப் பார்க்க மூன்றாவது கேட்டேன். திட்டாமல் அதையும் வாங்கினாள். எனக்குப் பயம் வந்துவிட்டது.

“ரிசல்ட் வந்துட்டாம்மா? எங்கிட்ட மறைக்கியா?”

“ஏளா, கோட்டி மாதிரி பேசாத. நாளைக்குத்தான் வரும். உருகுது, தின்னு.”

அம்மா சிரித்தாள். ஆனால் தனக்கென்று அவள் வாங்கிய ஐஸ் வாய் வைக்காமலே உருகி முழங்கை வரை வழிந்திருந்தது.

இப்போது லைட்டை அணைத்துவிட்டாள்; ஜன்னல்வழி வரும் தெருவிளக்கு வெளிச்சத்தில் எழுதுகிறேன். போகாமல் என் கட்டிலிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.