திறப்பு விழாவுக்குக் காத்திருந்த டயர்கள்

அக்டோபர் 3
பள்ளிக்கூட வாசலில் டெங்கு விழிப்புணர்வுக் கண்காட்சி தயார். பழைய டயர் நான்கு, உடைந்த வாளி, மூடியில்லாத டிரம். எல்லாவற்றிலும் தண்ணீர். மேலே ‘இப்படி வைக்காதீர்கள்’ என்று பேனர். தத்ரூபமாக இருக்கணும் என்று அதிகாரி சொன்னதால், ஒரு வீட்டுத் தொட்டியிலிருந்து கொசுப்புழுவும் அள்ளி வந்து அந்தத் தண்ணீரில் விட்டேன். பதினாறு வருட சுகாதார ஆய்வாளர் வேலையில் புழு வளர்ப்பது இதுதான் முதல் தடவை. நாளை நகராட்சித் தலைவர் ரிப்பன் வெட்டுகிறார்.

அக்டோபர் 4
தலைவர் வரவில்லை.

அக்டோபர் 8
இன்றும் வரவில்லை. “கொட்டிட்டு, அவர் வர்றப்போ ஊத்திக்கலாமா சார்?” என்று கேட்டேன். “யோவ், திடீர்னு வந்து நின்னா எதைக் காட்டுவ? உன் மூஞ்சியையா?” என்றார் அதிகாரி. வாயை மூடிக்கொண்டேன். அது எனக்குக் கைவந்த கலை.

அக்டோபர் 13
டயரில் புழுக்களைக் காணோம். எங்கே போயிருக்கும்? இறக்கை முளைத்துப் பறந்திருக்கும், வேறெங்கே! தலைமையாசிரியை கையைச் சொறிந்துகொண்டே, “உங்க விழிப்புணர்வு நல்லாத்தான் கடிக்குது சார்” என்றார். புதுப்புழு விடச்சொல்லி அதிகாரி உத்தரவு. விட்டேன்.

மதியம் ஒரு வீட்டில் பூந்தொட்டித் தட்டில் தண்ணீர் இருந்தது என்று நோட்டீஸ் கிழித்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். “முதல்ல உங்க டயரைக் கொட்டுங்க தம்பி” என்றார் அந்த அம்மா. காது கேட்காத மாதிரி வந்துவிட்டேன்.

அக்டோபர் 30
மகளுக்குக் காய்ச்சல். அதே பள்ளிக்கூடம்தான், நான்காம் வகுப்பு. மழையில் நனைந்திருப்பாள் என்று மனைவியிடம் சொன்னேன். மழையே பெய்யவில்லை.

நவம்பர் 2
டெங்குதான். பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போகிறது. வார்டில் அவள் பள்ளிப் பிள்ளைகள் ஐந்து பேர்.

“எவன் வீட்டுத் தண்ணியோ! கண்டுபிடிச்சு நோட்டீஸ் குடுங்க, சும்மா விடாதீங்க” என்கிறாள் மனைவி. நான்தான்டி. இந்தக் கையாலதான் அள்ளிட்டு வந்து டயர்ல விட்டேன். மனசுக்குள் மட்டும் சொல்லிக்கொண்டு, மகள் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிப் போட்டேன். ஐயோ, என் தங்கமே, கண்ணைத் திற.

நவம்பர் 3
விடிந்ததும் போய் எல்லாவற்றையும் கவிழ்த்தேன். அதிகாரி போனில் கத்தினார்: “திறப்பு விழா நாளைக்குய்யா!”

நவம்பர் 6
மகள் எழுந்து உட்கார்ந்தாள். பசிக்கிறது என்றாள். அழுதுவிட்டேன்.

பக்கத்துக் கட்டில் குழந்தை அதே பள்ளி, இரண்டாம் வகுப்பு. நேற்றுப் போய்விட்டாள். அவள் அப்பா லாரி டிரைவர். “வீட்டுல ஒரு சொட்டுத் தண்ணி தேங்க விட்டதில்லையே சார்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

நவம்பர் 7
நோட்டீஸ் புத்தகத்தில் எழுதினேன். இடம்: பள்ளி வாசல். புழு வளர்த்தது: என் பெயர். உத்தரவிட்டது: அதிகாரி பெயர். ஒரு பிரதியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, இன்னொன்றை டிரைவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அடிப்பார் என்று நின்றேன். அவர் தாளைப் படிக்கவேயில்லை. சட்டைப்பையில் பேனாவைத் தேடிக்கொண்டே, “எங்க சார் கையெழுத்துப் போடணும்?” என்றார்.