மகராசி உயிரோடு இருக்கிறாள், அக்கா

என்னைப் பெறாமல் பெற்ற பாவாயி அக்காவுக்கு,

உனக்கென்று இதுவரை யாரும் ஒரு கடுதாசி எழுதியதில்லை. எழுதியிருந்தாலும் உனக்குப் படிக்கத் தெரியாது. இதைப் படிக்கிறவர்கள் யாராவது வாய்விட்டுப் படித்தால் உனக்கும் கேட்கும் என்று நானாக நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

சேதி இதுதான். நம் மகராசி சாகவில்லை. மலைமேல் எடப்புளி நாட்டில் ஒரு வீட்டில் வயிறாரத் தின்றுவிட்டு வெயில் காய்ந்துகொண்டிருக்கிறாள். என் கண்ணால் பார்த்துவிட்டு வந்தேன். நீ கண்ணை மூடி இரண்டு மாதம் கழித்து.

அந்த இரண்டு மாதத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அது கொஞ்சம் முன்னால் தெரிந்திருக்கக் கூடாதா? யாரைக் கேட்பது?

ஒரு பூனைக்கா இத்தனை என்று படிக்கிறவர்கள் கேட்கலாம். அன்றைக்கு மேஸ்திரியும் அதைத்தான் கேட்டார்.

மலைக்கு ரோடு போட்ட காலம் அது. காரவள்ளியிலிருந்து வளைந்து வளைந்து ரோடு மேலே ஏற ஏற, நம் சமையல் கொட்டகையும் பின்னாலேயே ஏறியது. வேலையாட்களுக்கு நீ சோறாக்கினாய். நான் தண்ணீர் சுமந்தேன், காய் நறுக்கினேன். மச்சான் போன பிறகு உனக்கு நான், எனக்கு நீ, அவ்வளவுதான் நம் குடும்பம். அரிசி மூட்டைகளை எலி கடித்து நாசமாக்குகிறது என்று சிமெண்டு லாரி டிரைவர் ஒருவர் கீழேயிருந்து ஒரு ஜோடிப் பூனைக்குட்டிகளைச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்து விட்டார். ரோடு மலைமேல் செம்மேட்டைத் தொடுவதற்குள் அவை ஒரு கூட்டமே ஆகிவிட்டன.

வேலை முடிந்தது. தகரங்களைப் பிரித்தார்கள், அண்டாக்களைக் கவிழ்த்துக் கட்டினார்கள், எல்லாம் லாரியில் ஏறின. பூனைகளைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவை கூரையில்லாத கொட்டகையில், அடுப்பு இருந்த இடத்தைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு உன் கையையே பார்த்துக்கொண்டிருந்தன.

“ஏறு பாவாயி, நேரமாகுது” என்றார் மேஸ்திரி.

“நான் வரலீங்க.”

“என்ன, வரலியா?”

“இதுகளுக்கு ஒரு வழி பண்ணாம எப்படீங்க வாரது? சோறு போட்டுப் பழக்குனது நானுங்க. காட்டுல புடிச்சுத் திங்கத் தெரியாதுங்க இதுகளுக்கு.”

“பூனைக்கா இத்தன? பொம்பள தனியா மலையில நின்னு என்ன பண்ணுவே?”

நீ லாரியில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துச் சொன்னாய்: “நீ போ கண்ணு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஊடு பாத்து உட்டுட்டுப் பின்னாலயே வாரேன்.”

நான் இறங்கிவிட்டேன். அதற்காக என்றைக்கும் வருத்தப்பட்டதில்லை.

செம்மேட்டு டீக்கடைக்காரர் கடைக்குப் பின்னால் நாம் தங்க ஒரு சாய்ப்பைக் கொடுத்தார். அதற்குப் பதில் நீ அவருக்கு மாவாட்டிக் கொடுத்தாய். சந்தை நாளில் மிளகு மூட்டைக்கும் வாழைத்தாருக்கும் நடுவே மூடு கூடையோடு போய் உட்கார்ந்தாய். சுற்றிலும் ஒரே சிரிப்பு. ரோட்டுக்காரர்கள் விட்டுப்போன பூனை, திருட்டுப் பூனை, பால் குடிக்கும், கோழிக்குஞ்சைத் தூக்கும் என்றார்கள்.

“என்ன வெலைங்க?” என்று வேடிக்கையாகக் கேட்டவரிடமும் நீ சிரிக்காமல் சொன்னாய்: “வெலையெல்லாம் இல்லீங்க. ஊட்டுக்காரம்மா வந்து கேக்கட்டும், குடுக்கறேன். வாங்கறது ஆம்பளையா இருக்கலாம், சோறு போடறது அவங்கதானுங்களே.”

அப்படியும் கேட்டு வந்தார்கள். சாமையும் தினையும் போட்டு வைத்திருக்கிற வீடுகளில் எலி படுத்துகிற பாடு அவர்களுக்குத் தெரியாதா? கேட்டவுடன் நீ கொடுத்துவிடவில்லை. அவர்கள் பின்னாலேயே ஊருக்கு நடந்து போவாய். நானும் கூடையைத் தூக்கிக்கொண்டு வருவேன். தண்ணீர் வாங்கிக் குடிக்கிற சாக்கில் அந்த வீட்டு நாய் எப்படி இருக்கிறது, அடுப்படியில் ஒதுங்க இடம் இருக்கிறதா என்று பார்ப்பாய். ஒரு வீட்டில் அந்த மனிதர், எலி வரும் இடத்தில் கயிறு போட்டுக் கட்டிவைத்துவிடலாம் என்றார். “கட்டிப் போட இது என்ன ஆடுங்களா?” என்று நீ கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாய். ஏறி வந்த மேட்டையெல்லாம் திரும்ப இறங்கினோம். எனக்குக் கால் வலியில் உயிர் போயிற்று. நீ கூடைக்குள் பேசிக்கொண்டே வந்தாய்.

வெள்ளைக் கடுவன் பூனையை மறக்க முடியுமா? எந்த ஊரில் விட்டாலும் நமக்கு முன்னால் வந்து டீக்கடைப் பலகை மேல் உட்கார்ந்திருப்பான். கடைசியில் கடைக்காரரே, “உடுங்கக்கா, இவன் எடம் புடிச்சுட்டான்” என்று சொல்லிவிட்டார். நீ அன்றைக்குச் சிரித்த சிரிப்பை நான் அதற்குப் பிறகு அதிகம் பார்க்கவில்லை.

ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் மகராசி ஒருத்திதான் மிஞ்சினாள். தார் டிரம் உருண்டு பின்னங்கால் நசுங்கிப்போன சாம்பல் நிறப் பூனை. வேலையாட்கள் எல்லோரும் அவளை நொண்டி என்றுதான் கூப்பிட்டார்கள். உனக்கு அது பொறுக்கவில்லை. “கால்தான் போச்சு, பேருமா போகணும்?” என்று நீதான் மகராசி என்று பேர் வைத்தாய்.

“இவளை நாமே வெச்சுக்கலாமே அக்கா” என்றேன்.

“எனக்கு ஆசை இல்லையா கண்ணு? நாம ஒரு எடத்துல நிக்கிற ஆளா? நாளைக்கு எங்க போயிச் சோறாக்கப் போறமோ. அவ காலுக்கு அலைய முடியாது.”

அப்புறம் எடப்புளி நாட்டிலிருந்து நல்லானும் அவர் மனைவியும் வந்தார்கள். கால் இழுத்து நடப்பதைப் பார்த்துவிட்டு அந்தப் பெண், “எலி புடிக்காட்டிப் போகுதுங்க. இவ சத்தத்துக்கு நாலு எலி பயந்தாப் போதும்” என்றாள். உனக்கு அந்தச் சொல் பிடித்துப்போயிற்று. அவர்கள் வீட்டுக்குப் போய், நாள் முழுக்க இருந்து பார்த்து, அவள் கையால் சோறு பிசைந்து வைக்கச் சொல்லி, மகராசி தின்று முடித்த பிறகுதான் எழுந்தாய். குறை சொல்ல ஒன்றும் இல்லாத வீடு அது.

அடுத்த சந்தைக்கு நல்லான் வந்தார். எட்டத்திலேயே நின்றார். நீதான் எழுந்து போனாய்.

“அக்கா, பூனையக் காணமுங்க. மூணு நாளாத் தேடறமுங்க.” காட்டுப் பக்கம் கையைக் காட்டி, “சிறுத்தை நடமாட்டம் இருக்குதுங்க” என்றார்.

நீ அவரை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அன்றைக்கே கிளம்பினாய். மழை பிடித்துக்கொண்ட நேரம். அட்டை கடித்து உன் கணுக்கால் முழுக்க ரத்தம். மேடு மேடாக ஏறி, “மகராசீ… மகராசீ…” என்று கூப்பிட்டுக்கொண்டே போனாய். தொண்டை கட்டிப்போய்க் காற்று மட்டும் வருகிற வரை கூப்பிட்டாய். நான் கையைப் பிடித்து இழுத்துத்தான் உன்னைக் கூட்டிவந்தேன்.

பிறகு காரவள்ளியில் இட்லிக்கடை போட்டோம். ஒரே இடத்தில் நிற்கிற ஆட்கள் ஆனோம். மலையிலிருந்து இறங்குகிறவர்கள், “நீங்க குடுத்த பூனை நல்லா இருக்குதுங்கக்கா, ஒரு எலி இல்லீங்க” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நீ தலையாட்டுவாய். அப்புறம் தவறாமல் சொல்வாய்: “ஒண்ணு போயிருச்சுங்க.”

யாராவது ஒரு குட்டியைக் கொண்டுவந்து, இதற்கும் ஒரு வீடு பார்த்துக் கொடு என்றால் நீ தொடவே மாட்டாய். “நான் பாத்துக் குடுக்கறது சரியில்லீங்க. வேற ஆளப் பாருங்க.” அவர்கள் போன பின்னால் வெகுநேரம் அந்த ரோட்டையே பார்த்துக்கொண்டு நிற்பாய். மாவு புளித்துப் பொங்கி வழிந்தாலும் உனக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் எத்தனை குட்டிகள் அப்படித் திரும்பிப் போயிருக்கும் அக்கா? உன்னை விட்டால் அதுகளுக்கு யார் இருந்தார்கள்?

மஞ்சள் காமாலை உன்னை ஒரு மாதத்தில் கொண்டுபோய்விட்டது. காரியம் எல்லாம் முடிந்த பிறகு, பூனை வாங்கின வீடுகளுக்கும் சொல்லிவிட்டு வரலாம் என்று தோன்றியது. நமக்கு வேறு சொந்தம் யார்? பஸ் ஏறிப் போனேன். ஆமாம், இப்போது பஸ் போகிறது. நாம் சோறு சுமந்த வளைவுகளில் உட்கார்ந்துகொண்டே போனேன். நீ ஒரு தடவைகூட அதில் ஏறவில்லை.

நல்லான் வீட்டில் சொன்னபோது அவர் மனைவி அழுதாள். நல்லான், “அக்கா முகத்தப் பாக்க வெக்கப்பட்டுட்டே காரவள்ளிக்கு எறங்குனாலும் கடைய உட்டுச் சுத்திப் போவேனுங்க” என்றார். அடுத்த ஊருக்கு எப்படிப் போவது என்று கேட்டேன். ஓடையில் தண்ணீர் போவதால் மேட்டுத் தடத்தில் போகச் சொன்னார். சுற்று வழி, அதிகம் யாரும் நடக்காத வழி.

மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கினால் தனியாக ஒரு வீடு. வாசலில் ஒரு பெண் தினை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கல்லுக்கால் மேல் கட்டிய தானியக் கொட்டகையின் படியில், பின்னங்காலை நீட்டிக்கொண்டு சாம்பல் நிறத்தில் ஒரு பூனை. நான் நின்றுவிட்டேன்.

“தண்ணி வேணுங்களா?” என்று கேட்டாள் அந்தப் பெண். பேர் பழனியம்மா.

“இந்தப் பூனை ஏதுங்க?”

“தானா வந்துச்சுங்க, ரொம்ப வருசமாச்சு. ஒரு மழைக்காலத்துல பாத்தா கொட்டாய்க்குள்ள மூணு குட்டி போட்டுப் படுத்திருக்குது. நொண்டிக்கிட்டு எங்கிருந்து வந்துச்சோ, தொரத்த மனசு வரலீங்க.”

சினையாக இருந்திருக்கிறாள் அக்கா. வயிறு காட்டவில்லை, உனக்கும் தெரியவில்லை. குட்டி போட ஆள் நடமாட்டம் இல்லாத இடம் தேடிப் போயிருக்கிறாள். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றுமே நடக்கவில்லை.

“யாரும் தேடி வரலீங்களா?” என்று கேட்டேன்.

“பூனையத் தேடி யாரும் வரலீங்க.” பழனியம்மா தினையைக் கிளறிவிட்டபடியே சொன்னாள். “ஆனா அந்த மழையில ஒரு அம்மா, மகராசீ, மகராசீன்னு கூப்பிட்டுக்கிட்டே மேட்டுமேல போனாங்க. ஆரு பெத்த புள்ள காணாமப் போச்சோன்னு எங்கூட்டுக்காரரப் போயித் தேடச் சொன்னேன். அவரும் ரெண்டு நாளு காடெல்லாம் தேடிப் பாத்தாருங்க.”

உனக்காக ஒரு மனிதர் காட்டில் தேடியிருக்கிறார். நீ கூப்பிட்டவள் அவர் வீட்டுக் கொட்டகையில் குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். எல்லோரையும் போல நொண்டிப் பூனை என்று கூவியிருந்தால் அன்றைக்கே பழனியம்மா கை தட்டிக் கூப்பிட்டிருப்பாள். நீ வைத்த நல்ல பேர் அல்லவா நடுவில் நின்றுவிட்டது! இதை யாரிடம் சொல்லி நோவது?

“மகராசி” என்று மெல்லக் கூப்பிட்டேன். அவள் ஒரு காதைத் திருப்பினாள். கண்ணைத் திறக்கவில்லை. என்னை அவளுக்கு என்ன ஞாபகம் இருக்கப் போகிறது?

விஷயத்தைச் சொன்னேன். பழனியம்மா படியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு கை தன்னால் போய்ப் பூனையின் முதுகில் விழுந்தது. “கூட்டிட்டுப் போயிருவீங்களா?” என்றாள்.

பொய் சொல்லவில்லை அக்கா, கூட்டிவரத்தான் ஆசைப்பட்டேன். உன் சேலையும் மாவாட்டுகிற கல்லும் தவிர வீட்டில் உன்னுடையது என்று எதுவும் இல்லை. நீ தொட்டுத் தூக்கிய உயிர் ஒன்று என் அடுப்படியில் படுத்திருந்தால் எவ்வளவு ஆறுதலாக இருக்கும். அவர்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் மடித்துப் போட்ட ஒரு கம்பளித் துண்டு, பூனை மயிர் அப்பிக் கிடந்தது. கல் சட்டியில் அவளுக்கு வைத்த களி மிச்சம் இருந்தது. நீ இருந்திருந்தால் இந்த வீடு சரி என்று கூடையைக் கீழே வைத்திருப்பாய், எனக்குத் தெரியும்.

“இல்லீங்க” என்றேன். “அவ இங்கயே இருக்கட்டும்.”

பழனியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஒண்ணு சொல்லட்டுங்களா? இத்தன வருசமா மழை வந்தா எனக்கு அந்தக் கொரல் ஞாபகம் வரும். அந்தப் புள்ள கெடச்சுதோ என்னமோன்னு நெனச்சுக்குவேனுங்க.”

“கெடச்சுருச்சுங்க” என்றேன்.

திரும்பிப் போய் நல்லானிடம் சொன்னேன். அந்தக் காலோடு மேட்டைத் தாண்டுவாள் என்று அவர் நினைக்கவே இல்லையாம். அவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். உன்னைத் தவிர எல்லோருக்கும் அந்தப் பாரம் இறங்கிவிட்டது அக்கா. நீ மட்டும் அதைச் சுமந்துகொண்டே போய்விட்டாய். நீ பார்த்துக் கொடுத்தது தப்பில்லை. அந்த வீடும் தப்பில்லை. இதை உன் காதோடு ஒரு முறை சொல்ல எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

பஸ் வந்ததிலிருந்து, வேண்டாத குட்டிகளைக் கீழே இருக்கிற ஊர்களிலிருந்து கொண்டுவந்து இங்கே பஸ் நிற்கிற இடத்தில் விட்டுவிட்டுப் போகிறார்கள். இதை எழுதுகிற நேரத்தில் ஒரு மூவர்ணக் குட்டியும் அதன் கறுப்புத் தம்பியும் என் காலடியில் இட்லித் துண்டுக்குச் சண்டை போடுகின்றன. வேறு ஆளைப் பாருங்கள் என்று இனி நான் சொல்ல மாட்டேன். வருகிற சந்தைக்குக் கூடையோடு ஏறுவேன். கொடுக்கிற வீட்டில் மட்டுமல்ல, அக்கம்பக்கத்து ஊர்களிலும் இன்ன நிறத்தில் இன்ன பூனை வந்திருக்கிறது, வழி தவறி வந்தால் சொல்லியனுப்புங்கள் என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன். உடம்பில் தெம்பு இருக்கிற வரை இது நின்றுபோகாது. உன் மேல் ஆணை.

உன் கைச்சோறு தின்று வளர்ந்த தங்கை,
ராமாயி
காரவள்ளி